தொகுதி 4 தேர்வுக்கு விண்ணப்பிப்போருக்கு, விண்ணப்பித்த பின் நடப்பவை குறித்து ஊரளவில் வழிகாட்ட வேண்டி மனு

அனுப்புநர்:
மனுதாரர், சென்னிமலை, பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஈரோடு.

பொருள்: அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தோருக்கு அடுத்தடுத்த கட்டங்களில் வழிகாட்டவும், தமிழ் வழிச் சான்றுகள் தாமதமின்றிக் கிடைக்கச் செய்யவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் சென்னிமலையில் கைத்தறி நெசவு செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவள். வணிகவியல் பட்டம் பெற்று, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) 24.7.2022 அன்று நடத்திய தொகுதி 4 தேர்வை எழுதினேன். தேர்வுக்குப் படிக்க மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து பணி ஆணை கைக்கு வரும் நாள்வரை என்னென்ன நடக்கும், எதை எங்கே பார்க்க வேண்டும் என்று எடுத்துச் சொல்லத்தான் எங்கள் பக்கம் ஆளில்லை.

என் தந்தையின் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தால் நேர்காணல் அட்டை தபாலில் வரும். அந்த நினைப்பிலேயே அவர் தேர்வு முடிந்த மறுவாரத்திலிருந்து, தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருவார். முடிவு வெளியானதோ 24.3.2023 அன்று, சரியாக 8 மாதம் கழித்து. அதற்குள் உத்தேச விடைகள் இணையத்தில் வெளியானதும், தவறான விடையை மறுத்து முறையிட ஒரு வாரமே அவகாசம் இருந்ததும் எங்களுக்குத் தெரியாமலே போயின. தேர்வாணையம் இத்தகைய தகவல்களைத் தபாலில் அனுப்புவதில்லை. குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வரலாம்; வராவிட்டாலும் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியது தேர்வரின் பொறுப்பு.

தேர்வாணைய இணையதளத்தில் என் பதிவில் இருந்த கைப்பேசி எண் என்னுடையது அன்று. நிரந்தரப் பதிவு செய்து கொடுத்த பிரவுசிங் சென்டரில், ஓடிபி விரைவாக வரட்டும் என்று அங்கிருந்தவர் தம் எண்ணையே போட்டுவிட்டார். 5 ஆண்டு செல்லும் பதிவில் அது எத்தனை முக்கியம் என்பது எனக்கும் அன்று புரியவில்லை. சான்றிதழ்களைப் பதிவேற்ற அழைப்பு வந்திருப்பதைக் கடைசித் தேதிக்கு 4 நாள் இருக்கும்போதுதான், உடன் எழுதிய தோழி ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

தமிழ் வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் 2020இல் திருத்தப்பட்ட பின், முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று காட்ட வேண்டும். படித்த பள்ளி ஒவ்வொன்றிலும் தலைமையாசிரியரிடம் உரிய படிவத்தில் கையொப்பம் பெற வேண்டும். பெற்றோருக்கு வேலை கிடைக்கும் ஊரெல்லாம் பிள்ளைகளும் பள்ளி மாறுவது கொங்குப் பகுதியில் வழக்கம். நான் படித்தவை மூன்று பள்ளிகள். இரண்டில் ஒரே நாளில் கிடைத்தது. மூன்றாவது பள்ளிக்காக ஊத்துக்குளி வழியே திருப்பூருக்கு மூன்று முறை பஸ்ஸில் போய் வந்தேன்; தலைமையாசிரியர் வெளியூர் சென்றிருந்தார், பழைய சேர்க்கைப் பதிவேட்டையும் தேட வேண்டும் என்றார்கள். முத்திரையிட்ட சான்று என் கைக்கு வந்தபோது பதிவேற்றும் தேதி முடிந்து 2 நாள் ஆகியிருந்தது.

அந்த வாய்ப்பைத் திரும்பக் கேட்டு இம்மனுவை எழுதவில்லை. என் தங்கையும் அவளோடு படிக்கும் பெண்களும் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்க இருக்கிறார்கள். அவர்களுக்கும் இப்படி நேரக்கூடாது என்பதே என் கவலை.

இன்னொன்றையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். 300க்கு 90 மதிப்பெண் என்பது தகுதிக்கான குறைந்த அளவு மட்டுமே. வேலை அமைவது தரவரிசையையும், இட ஒதுக்கீட்டையும், கலந்தாய்வில் நம் முறை வரும்போது மீதமிருக்கும் இடங்களையும் பொறுத்தது. காலியிடங்களைவிடக் கூடுதலானோரையே சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கிறார்கள். இது தெரியாமல், "பாஸ் ஆகிவிட்டது, பணம் கட்டினால் ஆர்டர் வந்துவிடும்" என்று சொல்லும் இடைத்தரகர்களை நம்பி நகையை அடகு வைக்கத் துணியும் வீடுகள் உண்டு. மாதக்கணக்கில் செய்தி ஏதும் வராதிருப்பது இயல்பே என்று அரசுத் தரப்பிலிருந்து ஒருவர் சொன்னால், அந்த இடைத்தரகர்களின் பேச்சுக்கு யாரும் செவி கொடுக்க மாட்டார்கள்.

எனவே, தேர்வு முடிந்த பின்னும் பயிலும் வட்டத்தின் வழியாக மாதம் ஒரு நாள், வேலைக்குச் செல்வோரும் வர ஏதுவாக ஞாயிற்றுக்கிழமையில், பதிவிலுள்ள கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சரிபார்த்துத் திருத்திக்கொள்ள உதவுமாறும், தேர்வு முடிவு, பதிவேற்றம், கலந்தாய்வு ஆகியவற்றின் தேதிகளை வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சி மன்ற அலுவலகங்களிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுமாறும் வேண்டுகிறேன். எல்லாவற்றிலும் முதன்மையாக, தமிழ் வழிச் சான்றைக் கேட்ட 3 நாட்களுக்குள் வழங்கவும், தலைமையாசிரியர் இல்லாத நாட்களில் பொறுப்பிலுள்ளவர் கையொப்பமிடவும் முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகப் பள்ளிகளுக்கு அறிவுறுத்தி, திருப்பூர், நாமக்கல், கரூர், கோவை மாவட்டங்களுக்கும் இது குறித்து எழுதுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இடம்: சென்னிமலை
இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர்