பறவை பார்க்கத் தொலைநோக்கி வாங்குவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலத்திலும் பிடாடரி பூங்காவிலும் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும் தமிழர்களை இப்போதெல்லாம் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களில் ஓய்வுபெற்றவர்கள் பலர். நூறு வெள்ளிக்கும் குறைந்த விளையாட்டுச் சாமானும் வேண்டாம், மூவாயிரம் வெள்ளி கொடுத்து ஐரோப்பியக் கருவி வாங்கவும் கட்டுப்படியாகாது, இடைப்பட்ட விலையில் எதை வாங்குவது என்பதுதான் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி. இது பற்றித் தமிழில் விளக்கமாகப் படிக்கக் கிடைப்பது குறைவு என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் மைத்துனரின் அறுபதாம் பிறந்தநாளுக்கு அவருடைய மகள் இணையத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கித் தந்தாள். பெட்டியின்மேல் 30×60 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. முன்பக்கக் கண்ணாடி மாணிக்கக் கல்போல் சிவப்பாக மின்னியது. வீட்டில் அளவுகோலை வைத்து அளந்து பார்த்தபோது அந்தக் கண்ணாடியின் விட்டம் 35 மில்லிமீட்டர்கூட இல்லை. மறுநாள் காலையில் மெக்ரிட்சி காட்டுக்குள் அதைக் கண்ணில் வைத்த மைத்துனர், துடுப்புவால் கரிச்சான் ஒன்று கிளையில் அமர்ந்திருந்தும் அதைக் கண்டுபிடிக்க முடியாமல், மங்கலான பச்சை வட்டத்துக்குள் அரைமணி நேரம் தேடிவிட்டு, தன் கண்பார்வைதான் கெட்டுவிட்டது என்று எண்ணி வருந்தினார். கெட்டிருந்தது கண்ணல்ல, கருவி.

இந்த எண்களைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் தீரும். 8×42 என்றால் பறவை எட்டு மடங்கு அருகில் தெரியும், முன்பக்க வில்லையின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். நாற்பத்திரண்டை எட்டால் வகுத்தால் வரும் 5.25 மில்லிமீட்டர்தான் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம். 10×42இல் அது 4.2ஆகக் குறைகிறது. இளமையில் இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும் நம் கண்மணி, அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு 5 மில்லிமீட்டருக்குமேல் விரிவதில்லை. ஆகவே காலை ஏழரை மணிக்கு மரநிழலில் நிற்கும் ஒரு மூத்தோருக்கு 8×42 தரும் வெளிச்சமே போதும். அதற்குமேல் 50 மில்லிமீட்டர் வில்லையைச் சுமப்பது கழுத்து வலிக்குத்தான் உதவும்.

மடங்கு கூடினால் கைநடுக்கமும் அதே மடங்கில் கூடுகிறது, பார்வைப் பரப்பும் சுருங்குகிறது. நம் காடுகளில் பறவைகள் இலைகளுக்கிடையே நொடிக்கொரு கிளை தாவுபவை. செந்தேன்சிட்டு நம் கண்முன் ஒரு பூவில் தங்கும் நேரத்திற்குள் அதைக் கண்ணாடிக்குள் கொண்டுவர அகன்ற பரப்பு வேண்டும். சுங்கை பூலோவின் சேற்றுப்பரப்பில் தொலைவில் மேயும் பவளக்காலிகளுக்காகப் பத்தோ பன்னிரண்டோ மடங்கு வாங்குவதாகச் சிலர் சொல்கிறார்கள். அந்தத் தொலைவுக்குப் பன்னிரண்டு மடங்கும் போதாது, அது முக்காலியில் நிறுத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியின் வேலை. கடல்நீர் ஏறும் நேரத்தைப் பார்த்துப் போனால், சைபீரியப் பகுதிகளிலிருந்து வரும் பொன்னிற உப்புக்கொத்திகள் உள்பக்கக் குளங்களுக்கே வந்து ஒதுங்கும். எட்டு மடங்கிலேயே அவற்றைத் தாராளமாகப் பார்க்கலாம்.

எட்டு மடங்கு, 42 மில்லிமீட்டர் என்று முடிவுசெய்த பிறகும் ஒரே நிறுவனத்தின் கருவிகளுக்குள்ளேயே பெரிய வேறுபாடு உண்டு. நைக்கான் மோனார்க் எம்5, எம்7 இரண்டிலும் 8×42 வருகிறது. 1000 மீட்டர் தொலைவில் எம்5 காட்டும் பரப்பின் அகலம் 112 மீட்டர், எம்7 காட்டுவது 145 மீட்டர். காட்டுக்குள் இந்த 33 மீட்டரின் அருமை உடனே தெரியும். ஆனால் நம் கண்ணுக்கும், கருவியில் கண்ணை வைத்துப் பார்க்கும் பக்கத்து வில்லையான கண்வில்லைக்கும் இடையே இருக்கக்கூடிய தொலைவு எம்5இல் 19.5 மில்லிமீட்டர், எம்7இல் 17.1. மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு இந்த எண்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். அது 15க்குக் கீழே போனால் படத்தின் ஓரங்கள் கறுத்து, சாவித்துவாரத்தின் வழியே பார்ப்பதுபோல் ஆகிவிடும். தடித்த கண்ணாடி அணியும் என் மைத்துனருக்குப் பரப்பு குறைந்த எம்5தான் பொருந்தியது. கண்ணாடி அணியாத நான் எம்7ஐயே தேர்ந்தெடுப்பேன். பிறர் வாங்கியதையே நாமும் வாங்குவது இதில் சரிவராது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

கடைக்குப் போகும்போது சொந்தக் கண்ணாடியை அணிந்துகொண்டு போங்கள். தொலைநோக்கியைக் கையெட்டும் தூரத்தில் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் கண்வில்லைகளில் இரண்டு சிறு ஒளிவட்டங்கள் தெரியும். அவை முழு வட்டமாக இல்லாமல் ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் உள்ளே இருப்பது மலிவான முப்பட்டகம். வானத்தின் பின்னணியில் ஓர் இலையைப் பாருங்கள். விளிம்பில் ஊதாக்கோடு தடித்துத் தெரிந்தால் வேறொன்றைக் கேளுங்கள். ஈடி கண்ணாடி என்று குறிப்பிடுவது இந்த நிறக்கசிவைக் குறைப்பதற்காகத்தான். நேர்க்குழல் வடிவக் கருவி என்றால் முப்பட்டகத்துக்கு, படத்தின் கூர்மையைக் காக்கும் பூச்சான ஃபேஸ் கோட்டிங் உண்டா என்றும் கேட்க வேண்டும். கண்களுக்கிடையே இடைவெளி குறைந்த பிள்ளைகளையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள், ஏனெனில் பெரியவர்களுக்கான பல கருவிகள் அந்த அளவுக்கு நெருங்குவதில்லை.

வாங்கியதும் முதலில் செய்ய வேண்டியதைப் பலர் செய்வதே இல்லை. வலக்கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தால் ஒரு பெயர்ப்பலகையைத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடக்கண்ணை மூடிக்கொண்டு, சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கத்துக்கென்று உள்ள திருத்தும் வளையத்தை மட்டும் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்க வேண்டும். தலைவலி வருகிறது என்று விலையுயர்ந்த கருவியை அலமாரியில் பூட்டிவைத்த ஒருவருக்கு நான் செய்து கொடுத்தது இவ்வளவுதான்.

நம் ஊரின் ஈரப்பதம் வில்லைகளுக்குப் பெரும் பகை. நைட்ரஜன் நிரப்பிய, நீர்புகாத கருவியையே வாங்க வேண்டும் என்பேன். அப்படியும் குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே எடுத்துவந்தால் வெளிப்பக்கக் கண்ணாடியில் பனி படியும். அதைச் சட்டை நுனியால் துடைக்காமல் கால்மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருந்தால் தானே தெளியும். வீட்டில் ஈரம் நீக்கும் பெட்டி இருந்தால் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைக்கலாம். இல்லாதவர்கள் காற்றுப்புகாத முறுக்கு டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு அதற்குள் வைக்கலாம், என் பழைய கருவி பூஞ்சை பிடிக்காமல் அப்படித்தான் இருக்கிறது. நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் பொட்டலத்தை மாற்ற வேண்டும், அவ்வளவே.

கடைக்காரர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். குழல்விளக்கின் வெளிச்சத்தில் எதிர்ச்சுவரைப் பார்க்கச் சொன்னால் எல்லாக் கருவியும் நன்றாகவே தெரியும். வாசலுக்கு எடுத்துச் சென்று, எதிரே உள்ள மரத்தின் நிழலடர்ந்த பகுதியைப் பத்து நிமிடம் பார்க்க விடுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கான அந்த மில்லிமீட்டர் எண்ணை விலைச்சீட்டிலேயே எழுதி ஒட்டுங்கள். வலசைப் பறவைகள் செப்டம்பரில் வரத் தொடங்கிவிடும் என்பதால், அதற்குமுன் வாங்க நினைப்பவர்களுக்கு இது பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
வாசகர்,
அங் மோ கியோ