உயரமான பிள்ளைகளுக்கு ஒரு இதய எக்கோ

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலத்தில் பள்ளி வாலிபால் அணிக்கு ஆள் எடுக்கும்போது, நெடுநெடுவென்று வளர்ந்து, விரல்கள் நீண்ட பிள்ளைகள் மேல்தான் முதலில் கண் போகும். அதில் தப்பில்லை. ஆனால் 15-ஆவது குரோமோசோமில் உள்ள எஃப்பிஎன்1 மரபணு பழுதானாலும் உடம்பு அப்படி வளரலாம். ஃபைப்ரில்லின் என்ற புரதத்துக்கான மரபணு அது. ரத்தக்குழாய்ச் சுவருக்கும், கண் லென்ஸைத் தாங்கும் இழைகளுக்கும் அந்தப் புரதம்தான் பலம். அதில் குறை வந்தால் மார்ஃபன் நோய்; சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு இருக்கும். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி சத்தமில்லாமல் விரிந்து ஒருநாள் கிழியலாம். அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986-இல் ஜப்பானில் ஆட்டத்தின்போதே சரிந்து இறந்தார். அவருக்கு இந்த நோய் இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

‘எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே’ என்பதும் சரிப்படாது. இந்த நோய் உள்ளவர்களில் கால்வாசிப் பேருக்குப் பெற்றோரிடம் இல்லாமலே வருகிறது. உயரம் என்றாலே நோய் என்று நான் பயமுறுத்தவில்லை. சந்தேகம் வரும் பிள்ளைகளுக்கு மாவட்டப் போட்டிக்கு முன் எக்கோ என்ற இதய ஸ்கேனும் கண் பரிசோதனையும் செய்ய அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். ஏற்காடு மலைக்கிராமப் பிள்ளைகளுக்கு பஸ் செலவையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது.

– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்