லயத்தை வரிசை வீடாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லை நம்மவர்கள் கண்டபடி இழுத்துவிட்டார்கள், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பைச் சொல்லும் லயம் உட்பட எல்லாமே திரிபு, இனிமேல் பத்திரிகையில் கோடு என்றோ வரிசை என்றோ மட்டும் போடுங்கள் என்று எழுதியிருந்தார். கீழே நீங்களும் 'ஆலோசிக்கப்படும்' என்று குறிப்பு போட்டிருந்தீர்கள். ஆலோசிக்கும்போது இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய தமிழ்ப் பற்றைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒரே பொருள்தான், மற்றதெல்லாம் நாம் செய்த கூத்து என்று அவர் நினைக்கிறார் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. ஆங்கிலேயர்களே அந்தச் சின்னச் சொல்லை எத்தனையோ வேலைக்கு வைத்திருக்கிறார்கள், அதில் சில வேலைகளோடு அது நம்மிடம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

முதலில் ஒன்று. அது பிறந்தது கோட்டில் இல்லை, நாரில். லத்தீன் மொழியில் 'லீனும்' என்றால் ஆளிச்செடி, அதன் நாரில் திரித்த நூலுக்கு 'லீனியா' என்று பெயர். லினன் துணி என்கிறோமே, அதுவும் அதே குடும்பம். பழைய ஆங்கிலத்தில் லைன் என்றால் கயிறுதான். இன்றைக்கும் கப்பலில் வேலை செய்கிறவர்கள் கயிற்றை லைன் என்றுதான் சொல்வார்கள், தூண்டில் நரம்பும் லைன், துணி காயப்போடும் கொடியும் லைன். கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும் இல்லையா, தச்சரும் கொத்தனாரும் அதை வைத்துத்தான் நேர் பார்த்தார்கள், அப்படித்தான் கயிறு கோடானது. நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறது? கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் வைக்கிறார், நாம் நூலகத்தில் போய் நூல் எடுத்துப் படிக்கிறோம். மரத்தின் கோணலைத் தீர்க்கிற நூலையும் மனத்தின் கோணலைத் தீர்க்கிற நூலையும் ஒரே செய்யுளில் வைத்துப் பாடியவர்கள் நம் இலக்கணக்காரர்கள். ஒரு சொல் பல இடத்துக்குப் போய் உழைப்பது கேவலம் என்று யாரும் அப்போது கடிதம் எழுதவில்லை. (ஜார்ஜ்டவுனில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரோப் வாக் என்கிற ஜாலான் பிந்தால் தாலி வழியாகப் போகும்போது பெயர்ப் பலகையைப் பாருங்கள், கயிறு திரித்த தெரு அது.)

தையல் விஷயத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். கடைத்தெருப் பக்கம் நான் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் அக்கா, மெல்லிசான துணியைப் பார்த்தவுடனே "லைனிங் போடணும்மா, இல்லன்னா தையல் விட்டுப் போகும்" என்பார். அப்புறம் லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவரச் சொல்வார். அப்படியே வெட்டித் தைத்தால் முதல் சலவையிலேயே உள்துணி சுருங்கி, மேலே பட்டு மட்டும் தளர்ந்து அலை அலையாக நிற்கும். இந்த லைனிங்குக்கும் கோட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் மேலங்கிக்கு உள்பக்கம் லினன் துணி வைத்துத் தைத்தார்கள், அதனால் உள்ளே துணி வைப்பதே 'லைன்' செய்வது என்றானது. ஆளிச்செடி வரைக்கும் போனால்தான் இரண்டும் சந்திக்கும். வாசகர் சொல்வது போல எல்லா இடத்திலும் கோடு போட்டால் அந்த அக்காவிடம் போய் 'கோட்டுத் துணி' என்று கேட்க வேண்டும். கோட்டு தைப்பதற்கு அளவு எடுக்க ஆரம்பித்துவிடுவார்!

சரி, லயத்துக்கு வருகிறேன், நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஆங்கிலேயப் பட்டாளத்தில் கூடாரங்களோ குடிசைகளோ வரிசையாகப் போட்டிருக்கும் இடத்துக்கு 'லைன்ஸ்' என்று பெயர். இந்தியாவில் போலீஸ் லைன்ஸ், சிவில் லைன்ஸ் என்று இன்றைக்கும் ஊருக்கு ஊர் இடப்பெயர் இருக்கிறது. அதே சொல்லைத்தான் தோட்டத் துரைமார்கள் தொழிலாளர் குடியிருப்புக்கு வைத்தார்கள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் அப்படித்தான், இங்கே மலாயாவிலும் அப்படித்தான். லைன், லயன், லயம். அதிகாலையில் ஆள் கணக்கெடுப்பதற்குப் பெரட்டு என்று சொன்னோமே, அதுவும் 'பரேட்' என்ற பட்டாளத்துச் சொல்தான். பாட்டன் பாட்டிமார்கள் தூங்கி எழுந்த இடத்தின் பெயரும், எழுந்தவுடன் போய் நின்ற இடத்தின் பெயரும் இரண்டும் பட்டாளத்திலிருந்து வந்திருக்கிறது என்றால், அந்த வாழ்க்கை எப்படி ஓட்டப்பட்டது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதைத் திருத்திவிட்டு நாம் எதைப் படிக்கப் போகிறோம்? லயம் என்றால் சுருதி லயம் இல்லை, குதிரை லாயமும் இல்லை. இதைச் சொல்லிச் சிலர் கேலி செய்வதும் உண்டு, அதற்காகவே அந்தச் சொல்லை ஒளித்து வைக்க நினைக்கிறார்களோ என்னவோ.

என் அம்மா பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். ஒரே தகரக் கூரை, அதன் கீழ் பக்கத்தில் பக்கத்தில் கதவுகள், நடுவில் பலகைச் சுவர். அந்தச் சுவர் கூரையைத் தொடாது. ஆக, இந்த வீட்டில் மீன் பொரித்தால் அந்தக் கோடி வரைக்கும் மணக்கும், ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி வாய்த்தகராறு என்றால் மொத்த லயமும் தூக்கம் இல்லாமல் கேட்டுக்கொண்டு கிடக்கும். மேட்டு லயம், நடு லயம், குழாயடி லயம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்ததாம். கல்யாணம் பேசும்போதுகூட 'எந்த லயம்?' என்றுதான் முதல் கேள்வி. இதை எடுத்துவிட்டு 'வரிசை வீடு' என்று போட்டால் இன்றைய பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? தாமான் என்கிற வீடமைப்புப் பகுதியில் இரண்டு மாடி, முன்னால் கார் நிறுத்த இடம், மாதாமாதம் வங்கிக்குத் தவணை, அதுதானே இந்த நாட்டில் வரிசை வீடு! எங்கள் பாட்டி அப்படி ஒரு வீட்டில் இருந்தார் என்று பேரப்பிள்ளைகள் நம்பினால் அது பொய்யாகிவிடும், அதுவும் பத்திரிகையே சொல்லிக் கொடுத்த பொய்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். எல்லா லைனையும் அப்படியே லைன் என்று விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்கள் யோசித்துத் தமிழாக்கிய இடத்தில் அழகாக வந்திருக்கிறது. 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது ஆங்கிலத்தில் எங்கு பார்த்தாலும் 'ஃபிரன்ட்லைனர்' என்றார்கள். அதுவும் போர்முனையில் முதல் வரிசையில் நிற்கிற சிப்பாயை வைத்து வந்த சொல்தான். தமிழில் முன்களப் பணியாளர் என்று எழுதினார்கள். கோடும் இல்லை, வரிசையும் இல்லை, களம். படித்தவுடனே புரிந்தது. அதே சமயம் வறுமைக் கோடு என்று எழுதும்போது கோடுதான் சரி, ஏனென்றால் அங்கே விஷயமே கோடு எங்கே போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. நம் நாட்டில் மாதம் 980 வெள்ளி (ரிங்கிட்) என்று இருந்த வறுமைக் கோட்டை 2020-இல் 2,208 வெள்ளி என்று உயர்த்தினார்கள். யாருடைய சம்பளமும் குறையவில்லை, ஆனாலும் கோடு மேலே போனதில் எத்தனையோ குடும்பங்கள் கணக்குப்படி கீழே வந்துவிட்டன.

இப்போது நம் பினாங்குத் தீவிலேயே ஒரு சோதனை வருகிறது. 2025 ஜனவரியில் வேலை தொடங்கிய எல்.ஆர்.டி. என்கிற இலகு ரயில் திட்டத்துக்கு முத்தியாரா லைன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜார்ஜ்டவுனில் இருக்கும் கோம்தார் கோபுரத்துக்கு வந்து, அங்கிருந்து கடலைத் தாண்டி பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரலுக்குப் போகப் போகிறது. இதை நீங்கள் 'முத்தியாரா கோடு' என்று போடுவீர்களா? 'முத்தியாரா வரி' என்று போட்டால் காலையில் காப்பிக்கடையில் உட்கார்ந்து படிக்கிறவர், அரசாங்கம் இன்னொரு வரி போட்டுவிட்டது என்று கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை, தமிழ் வரியும் லேசுப்பட்டது இல்லை: கவிதையிலும் வரி, புலி முதுகிலும் வரி, சம்பளத்திலும் வரி. ரயிலுக்குத் தடம் என்றோ வழித்தடம் என்றோ எழுதுங்கள், அது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல்.

ரயில் என்றதும், பினாங்கு சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் 'லைன் கிளியர்' என்கிற நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடையைச் சொல்லாமல் போனால் இந்த ஊர்க்காரி இல்லை என்று என்னைச் சொல்லிவிடுவீர்கள். அந்தக் கடைக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், அந்த வம்பு எனக்கு வேண்டாம். ஆனால் அந்தத் தொடர் ரயில்காரர்களுடையது. ஒற்றைத் தண்டவாளத்தில் அடுத்த நிலையம் வரை பாதை காலி என்று அந்த நிலையத்திலிருந்து தகவல் வந்தால்தான் இங்கிருந்து வண்டியை விடுவார்கள், அந்த அனுமதிதான் லைன் கிளியர். இதை 'கோடு தெளிவு' என்று எழுதிவிட்டு அந்தச் சந்தில் போய்க் குழம்பு கேட்டுப் பாருங்கள்.

கப்பலும் அப்படியே. ஒரே வழியில் நாள் குறித்துப் போய்வரும் கப்பல் லைனர். நாகப்பட்டினத்திலும் மதராசிலும் ஏறி இங்கே பினாங்கில் இறங்கிய நம் ஆட்களில் எத்தனை பேர் ரஜுலா கப்பலில் வந்தவர்கள்! 1926-இல் கட்டிய கப்பல் அது, 1973 வரைக்கும் அதே வழியில் ஓடியது. மாலுமிகளுக்கு 'லைன்' என்று மட்டும் சொன்னால் அது பூமத்திய ரேகை. ரஜுலாவில் வந்தவர்கள் அதைத் தாண்டவில்லை, பினாங்கு அதற்கு வடக்கே 5 பாகையில் இருக்கிறது.

கைத்தொலைபேசியைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. கம்பியே இல்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு "லைன் இல்ல, அப்புறம் கூப்பிடுறேன்" என்று நாம் எல்லாரும்தான் சொல்கிறோம், மலாய்க்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். பையன்கள் 'லைன் அடிக்கிறது' தமிழ்நாட்டுப் படங்களிலிருந்து வந்தது, அதை உங்கள் பத்திரிகை எப்படியும் போடாது, விடுங்கள்.

உங்கள் அலுவலகத்தில் தினமும் புழங்கும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 'டெட்லைன்' என்று நிருபர்களை விரட்டுவீர்களே, அது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது கைதி முகாமில் இருந்த ஒரு வேலி. 1864-இல் ஆண்டர்சன்வில் முகாமில் மதிலுக்கு உள்ளே சற்றுத் தள்ளி மரச்சட்டம் அடித்து வைத்திருந்தார்கள், அதைத் தாண்டும் கைதியை மேலே நிற்கிற காவல்காரன் சுட்டுவிடலாம். பின்னால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் நேரக் கெடுவுக்கு அந்தச் சொல் வந்தது. தமிழில் கெடு என்று இரண்டே எழுத்தில் முடித்துவிட்டோம். அங்கே தமிழ் போதும், லைன் வேண்டாம்.

ஆக நான் கேட்பது, வாசகர் கேட்டது போல ஒரே மாற்றுச் சொல்லை முடிவு செய்து எல்லா இடத்திலும் ஒட்டாதீர்கள் என்பதுதான். லைன் பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது, யார் பேசுகிறார், எதைப் பற்றிப் பேசுகிறார் என்று உதவி ஆசிரியர்கள் ஒரு நிமிடம் பார்த்தால் கோடு, தடம், களம், கெடு, கொடி எல்லாம் தானாக வரும், வராத இடத்தில் லைனிங் லைனிங்காகவே இருந்துவிட்டுப் போகட்டும். முக்கியமாக, தோட்ட நினைவுகளை எழுதி அனுப்பும் பெரியவர்கள் உங்கள் ஞாயிறு இதழில் நிறைய பேர் இருக்கிறார்கள், பத்து காவான் பக்கம் இருந்த தோட்டங்களில் வாழ்ந்தவர்களும் இருப்பார்கள். அந்தப் பக்கத்தில் இப்போது தொழிற்பேட்டை வந்துவிட்டது. அவர்கள் லயம் என்று எழுதினால் லயம் என்றே அச்சடியுங்கள். லயன் என்று எழுதினால் லயன். பிள்ளைகளுக்குப் புரியாது என்று தோன்றினால் கீழே சின்ன எழுத்தில் விளக்கம் போடலாம், இடம் போதவில்லை என்றால் ராசிபலனில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகி,
ஜார்ஜ்டவுன், பினாங்கு