நான்கு சொல்லுக்கும் ஒரே 'பொறாமை' போதாது

ஆங்கிலம் - தமிழ் அகராதி தொகுப்போருக்கு,

வணக்கம். என்வியஸ், ஜெலஸ், என்வியபிள், இன்விடியஸ் ஆகிய நான்கு சொற்களையும் 'பொறாமை' என்ற ஒன்றிலேயே அடைத்துவிடும் வழக்கத்தை அடுத்த பதிப்பில் கைவிட வேண்டுகிறோம்.

அடுத்தவரிடம் இருப்பது நமக்கு இல்லையே என்று வேகுபவர் என்வியஸ். தன்னுடையது கைநழுவிப் போய்விடுமோ என்று பதறுபவர் ஜெலஸ். பேச்சு ஆங்கிலத்தில் ஜெலஸ் இரண்டு இடத்திலும் வரும். ஆனால் மனைவியைச் சந்தேகிக்கும் கணவனை என்வியஸ் என்று யாரும் சொல்வதில்லை. இந்த ஒருவழிப் பாதையைத்தான் நீங்கள் குறிக்க வேண்டும். யாத்திராகமம் 20:5இல் ஆங்கில விவிலியம் ஜெலஸ் என்னும் இடத்தில், பழைய தமிழ் விவிலியம் 'எரிச்சலுள்ள தேவன்' என்கிறது. தன் மக்களைப் பிற தெய்வங்களுக்கு விட்டுக்கொடுக்காதவர் என்ற பொருள் அங்கே காப்பாற்றப்பட்டிருக்கிறது. 'பொறாமையுள்ள தேவன்' என்று எழுதியிருந்தால் அது போயிருக்கும்.

என்வியஸுக்கு நேரான தமிழ், குறளின் 17ஆம் அதிகாரம் பேசும் அழுக்காறு. பிறர் ஆக்கம் கண்டு பொறாதிருப்பதுதான் அது. இன்றைய பேச்சில் இல்லையென்றாலும் பதிவில் அதற்கு இடம் கொடுங்கள். என்வியஸின் லத்தீன் வேருக்குத் தீய எண்ணத்தோடு பார்த்தல் என்று பொருள். நம் 'கண் வைப்பது' போலத்தான்.

அடுத்து, மாணவர்கள் தவறாமல் வழுக்கும் இடம். 'அவன் மேல் பொறாமை' என்று தமிழில் நினைப்பதால் 'என்வியஸ் ஆன் ஹிம்' என்று எழுதுகிறார்கள். வர வேண்டியது 'ஆஃப்'. வினைச்சொல்லான என்விக்கோ எந்த முன்னிடைச்சொல்லும் கூடாது: 'ஐ என்வி ஹிம்', அவ்வளவுதான். பொருளை மட்டும் தந்து இதை விட்டுவிட்டால் பதிவு பாதிதான்.

என்வியபிள் பாராட்டுச் சொல். 'என்வியபிள் ரெக்கார்டு' என்பதைப் 'பொறாமைக்குரிய சாதனை' என்றால் சாதித்தவர் மேல் கறை படிகிறது. 'பிறர் ஏங்கும் சாதனை' என்றால் சரி. எதிர்ச்சொல்லான அன்என்வியபிள், யாரை வேலையிலிருந்து நீக்குவது என்று முடிவெடுப்பது போன்ற, எவரும் ஏற்கத் தயங்கும் பொறுப்பைச் சொல்லும்.

அதிகம் சிதைவது இன்விடியஸ். இது பொறாமைப்படும் ஆளைப் பற்றியதே அல்ல. பிறர் மனத்தில் கசப்பை மூட்டும் செயலையோ நிலையையோ குறிப்பது. சட்ட எழுத்தில் வரும் 'இன்விடியஸ் டிஸ்கிரிமினேஷன்' என்பதைப் 'பொறாமைப் பாகுபாடு' என்று பெயர்த்தால் வாதமே திரிந்துவிடும். 'மனக்கசப்பை விளைக்கும் நியாயமற்ற பாகுபாடு' என்று நீட்டி எழுதுவதில் தவறில்லை. 'இன்விடியஸ் பொசிஷன்' என்றால், எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் ஒருவர் மனம் கோணும் இக்கட்டு.

பதிவு இப்படி இருக்கலாம்:

என்வியஸ் (பெயரடை): பிறரிடம் உள்ளதைக் கண்டு ஏங்கி எரிச்சல் கொள்ளும், அழுக்காறு உடைய. பின்னால் 'ஆஃப்' வரும். தன்னுடையதை இழக்கும் அச்சத்துக்கு ஜெலஸ் பார்க்க.

இப்படிக்கு,
ஆங்கிலம் - தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்