பேச்சுப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்களைப் பேச்சுப் போட்டிகளுக்கு அழைத்து வருகிற தமிழாசிரியை நான். உங்கள் இருக்கையிலும் பலமுறை அமர்ந்திருக்கிறேன். ஆகவே இங்கே சொல்லும் குறைகளில் எனக்கும் பங்குண்டு.

சென்ற ஆண்டு வேதியியல் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியை ஒரு போட்டிக்கு அழைத்துப் போயிருந்தேன். நீர் மேலாண்மை தலைப்பு. தன் ஊர் ஏரியின் மதகு துருப்பிடித்த கதையைத் தாத்தாவிடம் கேட்டு வந்து பேசினாள். மூன்றாவது நிமிடத்தில் ஒரு வரி மறந்துபோனது. நான்கைந்து நொடி அப்படியே நின்றாள். மைக்கைப் பிடித்திருந்த கை நடுங்கியது. பிறகு எழுதிவைத்ததை விட்டுவிட்டு, அந்த மதகை நான்கு ஆட்கள் சேர்ந்து முக்கித் திருகுவதைக் கையாலேயே காட்டிச் சொன்னாள். கடைசி வரிசையில் சளசளத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்து வந்த மாணவர் ஐந்து நிமிடமும் அடுக்குமொழியில் முழங்கினார். மூச்சு வாங்கும் இடம்கூட மனப்பாடம். நல்ல குரல், நிறைய உழைப்பு. முதல் பரிசு அவருக்கு. இவளுக்குப் பங்கேற்புச் சான்றிதழ்.

பரிசு கிடைக்காததில் எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்: “எதில் எனக்கு எவ்வளவு குறைந்தது, அம்மா?” சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. நடுவர் ஒருவரை விசாரித்தபோது கிடைத்த பதில், “தடுமாறிவிட்டாள்.” அவ்வளவுதான்.

எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் போட்டிக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப்பேச்சுப் பயிற்சி அமைப்பின் சர்வதேசப் பேச்சுப் போட்டியில் கருத்துக்கு 50, வெளிப்பாட்டுக்கு 30, மொழிக்கு 20 என்று பிரித்திருக்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் நம் மேடைகளில் குரலும் எதுகை மோனையும் பெரும்பங்கைத் தின்றுவிடுகின்றன. என்ன சொன்னார், எதை ஆதாரமாக வைத்தார் என்பது மிச்சத்துக்குத்தான் போட்டியிடுகிறது.

கூட்டல் முறையையும் கவனியுங்கள். ஒரு நடுவர் எல்லாருக்கும் 70ஐ ஒட்டியே போடுவார். இன்னொருவர் 50இலிருந்து 85 வரை தாராளமாக ஏறி இறங்குவார். முதல் நடுவர் ஒரு மாணவிக்கு 72, ஒரு மாணவருக்கு 70 போடுகிறார். இரண்டாமவர் 71, 69. மூன்றாமவர் 55, 80. மூவரில் இருவர் மாணவியை முன்னே வைத்தும், மொத்தம் 198க்கு 219 என்று மாணவர் வென்றுவிடுகிறார். ஒரே நடுவர் முடிவு செய்த போட்டி அது. டோஸ்ட்மாஸ்டர்ஸில் மதிப்பெண்களைக் கூட்டுவதில்லை. ஒவ்வொரு நடுவரும் முதல் மூவரை வரிசைப்படுத்துகிறார். அந்த இடங்களுக்கு 3, 2, 1 புள்ளிகள். நாமும் அப்படிச் செய்யலாம், ஒரு காசு செலவில்லை.

உச்சரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ழகரத்தை நேசிப்பவள்தான் நானும். ஆனால் வீட்டிலும் தெருவிலும் வேறு ஒலியோடு வளர்ந்த பிள்ளையின் ஒரு ‘மழை’ ‘மளை’ ஆனதற்காக, அவன் சொன்ன அத்தனையும் காதில் விழாமல் போகக் கூடாது. திக்கிப் பேசும் மாணவர் மேடையேறினால், சரளத்துக்கென வைத்த மதிப்பெண்ணை என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் வந்து நின்ற பிறகு யோசித்தால் ஒன்று இரக்கம் வெல்லும், இல்லையென்றால் மதிப்பெண்ணில் கத்தரி விழும்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. பேச்சு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சொன்னதிலிருந்தே கேளுங்கள், ஒரு நிமிடம் போதும். அடுத்தவர் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தவரும், தானே யோசித்து வந்தவரும் அந்த ஒரு நிமிடத்தில் பிரிந்து தெரிவார்கள். நேரமில்லை என்பீர்கள். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்த நேரம் இருக்கிறது.

முடிந்த பிறகு மதிப்பெண் தாளை மாணவரிடமே கொடுத்துவிடுங்கள். உங்கள் கையெழுத்தில் ஒரு வரி இருக்கட்டும்: எது நன்றாக இருந்தது, அடுத்த முறை எதைச் சரிசெய்வது. இப்போது அந்தத் தாள்கள் விழா முடிந்ததும் மேசையிலேயே கிடக்கின்றன. நாற்காலி அடுக்குபவர்கள் கூட்டித் தள்ளுகிறார்கள்.

அந்த மாணவி இந்த ஆண்டும் பெயர் கொடுத்திருக்கிறாள். உங்களில் யார் நடுவராக வந்தாலும், அவளுடைய தாளை அவள் கையில் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை