ஃப்ராக்டல் அம்பு விழும் நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

'கேயாஸ் தியரி', 'ஃப்ராக்டல்' என்ற பெயர்களில் பங்குச்சந்தைப் பயிற்சி வகுப்புகள் பெருகிவிட்டன. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் எதிர்கால, விருப்ப ஒப்பந்த வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் பணம் இழந்ததாகச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே சொல்லியிருக்கும் நிலையில், கட்டணம் கட்டுமுன் வாசகர்கள் சிலவற்றைத் தாங்களே சோதித்துப் பார்ப்பது நல்லது.

வகுப்பில் முதல் பாடம் ஐந்து கேண்டில் ஃப்ராக்டல். கேண்டில் என்பது குறிப்பிட்ட நேரத்துக்குள் விலை தொட்ட உச்சத்தையும் தாழ்வையும் காட்டும் சிறு கட்டம். நடுக் கேண்டிலின் உச்சம், இருபுறமும் உள்ள இரண்டிரண்டு கேண்டில்களின் உச்சத்தைவிட மேலே இருந்தால் சார்ட் மென்பொருளில் அதன் தலையில் அம்பு விழும். 5 நிமிடச் சார்ட்டில் 10.00 மணிக் கேண்டில் உச்சம் தொட்டதென்றால், அடுத்த இரண்டும் முடிந்து 10.15 ஆன பிறகே அது ஃப்ராக்டல் என்று உறுதியாகும். அம்போ 10.00 மணிக் கேண்டிலின் மேல்தான் நிற்கும். மாலையில் சார்ட்டைப் பார்ப்பவருக்கு, சரியாக உச்சத்தில் விற்கச் சொன்னது போலத் தெரியும். 10.12-க்குத் தெரிந்த அம்பு, 10.14-க்கு விலை அந்த உச்சத்தைத் தாண்டினால் காணாமலும் போகும். பேக்டெஸ்ட்டில், அதாவது பழைய விலைகளை வைத்துச் சோதிக்கும்போது, ஆறாவது கேண்டிலின் தொடக்க விலையைப் போட்டு, தரகும் வரியும் கழித்துப் பாருங்கள். காட்டிய லாபத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். இந்த அம்பைப் பரப்பிய அமெரிக்க வர்த்தகர் பில் வில்லியம்ஸ் சொன்னதும் அந்த உச்சத்தை விலை தாண்டும்போது வாங்குவதைத்தான். உச்சத்தில் விற்பதை அல்ல.

இன்னொரு சோதனை. எக்செல்லில் 0-க்கும் 1-க்கும் இடையிலான தற்செயல் எண்ணிலிருந்து 0.5 கழித்து, வரிசையாகக் கூட்டி 75 புள்ளிகள் வரையுங்கள். தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ-யில் ஒரு நாளின் 5 நிமிடக் கேண்டில்கள் அத்தனைதான். நடுவில் வரக்கூடிய 71 புள்ளிகளில் ஒவ்வொன்றும் மேல் ஃப்ராக்டலாக அமைய 64-க்கு 9 வாய்ப்பு. ஆக மேலே சராசரி 10, கீழே 10 அம்புகள், எந்தச் செய்தியும் எந்த வியாபாரியும் இல்லாமலே வந்துவிடும்.

ஹர்ஸ்ட் எண் 0.5-க்கு மேல் இருந்தால் டிரெண்ட் (விலை போகும் திசை) நீடிக்கும் என்றும் சொல்லித்தருகிறார்கள். நைல் நதியின் நீர்வரத்தை ஆராய்ந்த பொறியாளர் ஹர்ஸ்ட் தந்த அளவுகோல் அது. அதை விலையில் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 1 வந்து நிற்கும். கணக்கிட வேண்டியது தினசரி ஏற்ற இறக்கச் சதவீதத்தில். அதிலும் தரவு குறைவாக இருந்தால், எந்தத் தொடர்பும் இல்லாத எண்களே 0.5-ஐத் தாண்டும். அதே சதவீதங்களைச் சீட்டுக்கட்டு போலக் குலுக்கி ஆயிரம் முறை கணக்கிடுங்கள். உங்கள் எண் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே விழுந்தால் அதற்கு மதிப்பில்லை.

ஃப்ராக்டல் கணிதத்துக்குச் சந்தையில் வேலை இருக்கிறது, அது வேறு வேலை. கணித அறிஞர் மாண்டெல்பிராட் 1963-ல் பருத்தி விலையை ஆராய்ந்து காட்டியது, மணிவளைவு (பெரும்பாலான மதிப்புகள் சராசரியைச் சுற்றியே அமையும் என்ற கணக்கு) சொல்வதைவிடப் பெரிய தாவல்கள் அடிக்கடி வரும் என்பதையே. என்எஸ்இ-யின் குறியீடான நிஃப்டியின் தினசரித் திட்டவிலக்கம் (வழக்கமான ஏற்ற இறக்க அளவு) 1% என்று வைத்தால், மணிவளைவுப்படி ஒரே நாளில் 6% சரிவு பல லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வர வேண்டும். 2024 ஜூன் 4-ல் கிட்டத்தட்ட அவ்வளவு விழுந்தது. 2020 மார்ச் 23-ல் ஏறக்குறைய 13%; அன்று 10% இறங்கியதும் வர்த்தகமே 45 நிமிடம் நின்றது. நிறுத்தி வைத்த சந்தையில் ஸ்டாப் லாஸ் (நஷ்டம் ஓர் அளவைத் தொட்டதும் விற்றுவிடும் உத்தரவு) எப்படிக் காப்பாற்றும்?

15 லட்சம் மதிப்புள்ள ஒரு லாட்டுக்கு (ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவு), மணிவளைவுக் கணக்கில் அரிதான மூன்று திட்டவிலக்கச் சரிவு, அதாவது 3%, என்பது 45 ஆயிரம் ரூபாய். 13% என்பது 1 லட்சத்து 95 ஆயிரம். எத்தனை லாட் எடுப்பது என்று தீர்மானிக்க வேண்டியது இந்த இரண்டாவது தொகையை வைத்து. திசையைச் சொல்ல ஃப்ராக்டலுக்குத் தெரியாது. பள்ளத்தின் ஆழத்தைச் சொல்லத் தெரியும்.

தங்கள் வணிகப் பக்கத்தில் இத்தகைய முறைகளைப் பற்றி எழுதும்போது, எந்தக் கேண்டிலின் விலையில் வாங்கி விற்றதாகக் கணக்கு, செலவு கழித்ததா என்ற இரண்டையும் கேட்டு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்