செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் அருங்காட்சியகத்துக்கு எங்களை அழைத்துப் போனது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 2025 மே 9 முதல் 14 வரை நேப்பிள்ஸ் – அமால்ஃபி கடற்கரைக் குடும்பச் சுற்றுலா, திட்டமிடலில் நடந்த தவறுகள், பணம் திரும்பக் கோருதல்

ஐயா / அம்மா,

நானும் கணவரும், எங்கள் இரண்டு பிள்ளைகளும், என் அப்பா அம்மாவும் ஆக ஆறு பேர் உங்கள் நிறுவனம் மூலம் இத்தாலி போய் வந்தோம். பிப்ரவரியில் உங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசியபோதே நாங்கள் எதற்காகப் போகிறோம் என்று தெளிவாகச் சொன்னேன். அதையே மின்னஞ்சலிலும் எழுதினேன்.

அப்பா 31 வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவர். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பல்களைப் பற்றி வருடா வருடம் பாடம் எடுத்தவர். நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய ஊரான பாம்பேயில் (Pompeii) 1938ல் ஒரு வீட்டைத் தோண்டியபோது இந்தியாவில் செய்த தந்தச் சிலை ஒன்று கிடைத்தது. ஒரு சாண் உயரத்துக்குச் சற்று அதிகம் இருக்கும் ஒரு பெண் உருவம். முதலில் இலட்சுமி என்றார்கள், பிறகு இயக்கி (யட்சி) என்றும் சொன்னார்கள். கி.பி. 79ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது அந்த ஊரோடு புதைந்த சிலை. இப்போது நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்ப்பதுதான் அப்பாவின் ஆசை, இந்தப் பயணத்தின் காரணமே அதுதான். கடற்கரையும் ஓட்டலும் அதற்கு அப்புறம்தான்.

நீங்கள் முதலில் கொடுத்த திட்டத்தில் அருங்காட்சியகம் திங்கட்கிழமை இருந்தது. கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது ஓட்டல் அறை காரணமாக நாட்களை மாற்றியதாகச் சொல்லி, அதை மே 13 செவ்வாய்க்கு நகர்த்தினீர்கள். அந்த அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. உங்கள் அலுவலகத்தில் ஒருவராவது அதைப் பார்த்திருக்க வேண்டும். நானும் பார்க்கவில்லைதான். ஆனால் பார்ப்பதற்காகத்தானே உங்களிடம் பணம் கட்டினோம்?

இதைவிட என்னை வருத்துவது திங்கட்கிழமை நடந்தது. அன்று காலை பாம்பேயில் எங்களுக்கு வந்த வழிகாட்டி மிக நல்லவர். கல் பாவிய தெருவில் வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளங்களை என் பையனைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னார். அபொந்தான்சா தெருவில் நடக்கும்போது, அந்தத் தந்தச் சிலை கிடைத்த வீடு இந்தத் தெருவில்தான் என்றார். அப்பா உடனே, "நாளைக்கு அதைப் பார்க்கப் போகிறோம்" என்றார். வழிகாட்டி அம்மா முகம் மாறி, "நாளை செவ்வாய் ஆயிற்றே, மூடியிருக்குமே" என்றார்.

அப்போது அங்கே பிற்பகல் ஒரு மணி, சென்னையில் நாலரை. உங்கள் அவசர எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர், "எல்லாம் கன்ஃபர்ம் ஆயிருக்கு மேடம், லோக்கல் ஏஜென்ட் பார்த்துக்குவாங்க" என்றார். இன்னொரு முறை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டு, அதையே திரும்பச் சொன்னார். அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் நாங்கள் அப்போதே நேப்பிள்ஸ் போயிருப்போம். பாம்பேயிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அருங்காட்சியகம் மாலை வரை திறந்துதான் இருந்தது.

அந்தப் பிற்பகலில் எங்களை எங்கே கூட்டிப் போனார்கள் தெரியுமா? திட்டத்தில் இருந்தது ஹெர்குலேனியம், அதே எரிமலையில் புதைந்த இன்னொரு ஊர். அந்தக் காலத்துக் கடலோரப் படகுக் கொட்டடிகளில் ஒதுங்கியிருந்தபடியே செத்துப்போன சுமார் 300 பேரின் எலும்புகள் கிடைத்த இடம், கருகிய மரக் கதவும் கட்டிலும் இன்னமும் நிற்கிற ஊர். வேன் அங்கே போகவில்லை. அடுத்த ஊரான தோர்ரே தெல் கிரேக்கோவில் ஒரு பவளக் கடை வாசலில் நின்றது. அந்த ஊர்ப் பவள வேலை பேர் பெற்றதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் கேட்காத கடையில் ஒரு மணி ஐம்பது நிமிடம் உட்கார வைத்துவிட்டு, ஹெர்குலேனியத்துக்கு இனி நேரமில்லை என்றார் ஓட்டுநர். கடை தன் நிகழ்ச்சி நிரலிலேயே இருப்பதாகச் சொல்லி, உங்கள் பெயர் போட்ட தாளைக் காட்டினார். எங்களிடம் இருந்த தாளில் அந்தக் கடை இல்லை. ஓட்டுநர் காட்டிய தாளின் படத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

மறுநாள் காலை அந்தப் பெரிய சிவப்புக் கட்டடத்தின் முன் இறங்கினோம். கதவு சாத்தியிருந்தது. அறிவிப்பில் இருந்த "மார்த்தெதி" என்றால் செவ்வாய் என்று என் பெண் போனில் பார்த்துச் சொன்னாள். அப்பா சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். சிலையில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று ஊரிலேயே எழுதிக்கொண்டு வந்தது: கால் தண்டை, பின்னிய ஜடை, இரண்டு பக்கமும் நிற்கும் தோழிகள், பீடத்தில் இருக்கும் எழுத்து. அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்தார். "சரி வாம்மா, வெயில் ஏறுது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவருக்கு 74 வயது. விசா, விமானம், செலவு எல்லாம் பார்த்தால் இன்னொரு முறை அவரை அழைத்துப் போக எங்களால் முடியுமா என்று தெரியவில்லை. புதன்கிழமை அதிகாலையிலேயே ரோம் விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

இனி மற்ற இரண்டு விஷயங்கள். அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆனதை உங்கள் படிவத்திலேயே எழுதியிருந்தோம். நீங்கள் அமால்ஃபி கடற்கரையில் உள்ள பொசித்தானோவில், சாலையிலிருந்து 143 படி ஏறிப் போகிற ஓட்டலைப் போட்டீர்கள். படி எண்ணியது என் பையன். அந்த ஊரே மலைச்சரிவில் படிகளாக இருப்பது, அங்கே ஆள் அனுப்பித் தொழில் நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா? அதே கரையில் மயோரி இருக்கிறது, சலேர்னோ இருக்கிறது. இரண்டிலும் கடலோரமாகச் சமதரையில் நடக்கலாம். மூன்று நாளும் அம்மா அறைச் சன்னலிலிருந்துதான் கடலைப் பார்த்தார். நாங்கள் அமால்ஃபிக்குப் படகில் போனபோதும் அவர் வரவில்லை. பெட்டி தூக்க மட்டும் 90 யூரோ கொடுத்தோம்.

அடுத்தது பாம்பே டிக்கெட். 2024 நவம்பரிலிருந்து அங்கே பெயர் போட்ட டிக்கெட்தான், ஒரு நாளைக்கு 20,000 பேருக்குத்தான் அனுமதி. அப்பாவின் டிக்கெட்டில் தாத்தாவின் பெயர் மட்டும் இருந்தது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் இருப்பதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டீர்கள். நம் ஊரில் இனிஷியல் வைக்கிற எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும் என்று சென்னையில் இருக்கிற நிறுவனத்துக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. வாசலில் நாற்பது நிமிடம் விளக்கம் சொல்லி உள்ளே போனோம். அங்கிருந்தவர்கள் பொறுமையாகவே கேட்டார்கள், அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை.

நான் கேட்பது இதுதான். அருங்காட்சியகத்துக்கும் ஹெர்குலேனியத்துக்கும் வாங்கிய நுழைவு, வழிகாட்டி, வேன் கட்டணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். பெட்டிக் கூலி 90 யூரோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பவளக் கடையை யார் சேர்த்தார்கள், அதற்கு உங்களுக்குக் கமிஷன் வந்ததா என்று எழுத்தில் பதில் வேண்டும். திங்கட்கிழமை என் அழைப்பை எடுத்தவர் யாரிடம் கேட்டு "கன்ஃபர்ம்" என்று சொன்னார் என்பதும் எனக்குத் தெரியவேண்டும். பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். ரசீதுகள், மின்னஞ்சல்கள், அழைப்புப் பட்டியல் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

நேற்று உங்கள் புதிய விளம்பரத் தாளைப் பார்த்தேன். அக்டோபர் பயணத்திலும் நேப்பிள்ஸ் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை என்றே போட்டிருக்கிறது. என் பணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அதைத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
மே மாதப் பயணத்தில் வந்த உங்கள் வாடிக்கையாளர்,
திருச்சி